ஊரைப் படித்தவர்கள் கோப்புக்குள் வர வேண்டும்

சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளில் சமூகவியலும் சமூகப்பணியும் படிப்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே, மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

உங்களில் ஒருவரோடும் எனக்கு நேர்ப்பழக்கம் இல்லை. உங்கள் ஆய்வேடுகளோடு பழக்கம் உண்டு. ராசிபுரத்து ஜெராக்ஸ் கடைகளில் பைண்டிங் முடிந்து அடுக்கி வைத்திருக்கும் அந்த நீல, மெரூன் அட்டைகளைக் கண்டால் புரட்டிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. விசைத்தறித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை, கோழிப்பண்ணைப் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை, கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை. ஐம்பது அறுபது பேரிடம் ஒரு வினாப்பட்டியல், வயதுவாரியாகவும் வருமானவாரியாகவும் சதவீத அட்டவணைகள், ஒரு கைவர்க்கச் சோதனை, கடைசி இயலில் பரிந்துரைகள். அந்தப் பரிந்துரைகளில் முக்கால்வாசி 'அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடிகின்றன.

அந்த அரசில் கீழ்ப்படிக்கட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பிறகு சமூகநலப் பிரிவு என்று இந்தப் பகுதியிலேயே பணிக்காலம் முடிந்தது. உங்கள் பரிந்துரைகளில் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. நீங்கள் அனுப்பவில்லை, எங்கள் பக்கமிருந்தும் யாரும் கேட்டு வாங்கவில்லை. ஒரே ஊரில், ஒரே மக்களைப் பற்றி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காமலே இரு தரப்பும் எழுதிக் குவித்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றி உங்களிடம் நேராகவே பேசியாக வேண்டும்.

அரசு அலுவலகத்தில் எழும் கேள்விகள் எப்படிப்பட்டவை என்று முதலில் காட்டுகிறேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. மல்லசமுத்திரம் பக்கம் நான் பார்த்த ஒரு தோட்டத்து வீட்டில் ஒரே கார்டு, ஒரே மீட்டர். பின்கட்டில் மூன்று அடுப்பு. மாமியார் தனியாகப் பொங்குகிறார், இரண்டு மருமகள்களும் தனித்தனியாகப் பொங்குகிறார்கள். கார்டில் பெயர் மாமியாருக்கு. மூன்று குடித்தனத்தின் கரண்ட்டும் அந்த ஒரே மீட்டரில் ஓடுகிறது. இங்கே எத்தனை குடும்பம் என்று விண்ணப்பம் வாங்குபவர் யாரைக் கேட்பார்? அவர் கையில் இருப்பது படிவம். அதில் அடுப்புக்குக் கட்டம் கிடையாது.

குடும்பம் வேறு, குடித்தனம் வேறு, ஒரே உலையில் உண்பவர்கள் வேறு என்பதை நீங்கள் முதல் ஆண்டிலேயே படிக்கிறீர்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுகிறீர்கள். அந்த ஐந்து மதிப்பெண் அறிவு, விதிமுறை எழுதப்படும் நேரத்தில் மேசையருகே இருந்திருந்தால் அந்த வீட்டு மருமகள்களுக்கு வழி பிறந்திருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போய் வடமாநிலங்களிலும் ஆப்பிரிக்காவிலும் மாதக்கணக்கில் கிடப்பவரை 'வீட்டில் இருப்பவர்' என்று எழுதுவதா வேண்டாமா என்பதும் இதே வகைக் கேள்விதான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் வடமாநில இளைஞரை எந்த ஊர்க் கணக்கில் வைப்பது என்பதும் அப்படியே. இவை கணக்குப் பிழைகள் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். சமூகத்தைப் படித்தவர் பக்கத்தில் இல்லாத குறை இது.

இதைவிடக் கனமான உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது நம் சேலத்தில். அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு மாநில அளவில் 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள், சேலத்தில் 849. நாமக்கல் அப்போது சேலத்தோடு ஒரே மாவட்டம். பெண் சிசுவைக் கொல்ல வேண்டாம், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசு தொட்டிலை நீட்டியது. அதே ஆண்டு பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. ஆண் பிள்ளை இல்லாமல் ஒன்றோ இரண்டோ பெண் பிள்ளைகளோடு நிறுத்தி, கருத்தடை செய்துகொண்ட பெற்றோருக்கு அரசு வைப்புத்தொகை.

இந்தத் திட்டங்களைப் பழிக்க எழுதவில்லை. தொட்டிலுக்கு வந்ததால் பிழைத்து, இன்று பிள்ளை குட்டியோடு இருக்கும் பெண்களும் இந்த நாட்டில் இருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டாவது திட்டம், மகன் இல்லாமல் வாழச் சம்மதியுங்கள் என்று ஒரு விவசாயக் குடும்பத்தைக் கேட்கிறது. காடு யாருக்குப் போகும், கொள்ளி யார் வைப்பது, பங்காளி என்ன சொல்வான், எத்தனை பவுன் போட வேண்டும் என்ற கேள்விகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தக் குடும்பம் பதில் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் முதிரும் பத்திரப் பணம் கல்லூரிக் கட்டணமாகிறதா, கல்யாணச் சீராகிறதா என்பதைக் கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊருக்குள் போய் இருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். 2001 கணக்கெடுப்பில் மாநிலம் 942இல் நின்றபோது சேலம் 851, நாமக்கல் 889. 2011இல்தான் இரண்டும் 900ஐத் தாண்டின. இந்த ஏற்றத்தில் தொட்டிலின் பங்கு எவ்வளவு, பெண் படிப்பின் பங்கு எவ்வளவு, ஸ்கேன் மையங்கள் மீதான கண்காணிப்பின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு இங்கிருந்தே பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதியவர்கள் யார் தெரியுமா? ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை அலசி, 1997இல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து சேலம் வழியாகத் தர்மபுரி வரை ஒரு பட்டையாகப் பெண் சிசுக்கொலை நடந்ததை அந்தப் பதிவேடுகளே காட்டின. பதிவேட்டில் அந்த மரணங்களுக்கு எதிரே எழுதியிருந்தது 'சமூகக் காரணங்கள்'. கிராமத்துச் செவிலியர் தமக்குத் தெரிந்ததைத் தம்மால் எழுத முடிந்த அளவுக்கு எழுதி வைத்தார். அந்தக் காரணங்களைப் பிரித்து விளக்க ஒரு துறையே இருக்கிறது. அது உங்கள் துறை. தர்மபுரியில் கலைப்பயணம் என்ற பெயரில் ஊர் ஊராக நாடகம் போட்டு மக்களைத் திரட்டிய முயற்சியையும் அதே இருவர்தான் பிறகு எழுதினார்கள். குழந்தை பிறக்கும்போதே உள்ள விகிதத்தையும் பிறந்தபின் நிகழும் சாவையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அலசியவர் சாரதா சீனிவாசன். அவர் முனைவர் பட்டம் பெற்றது நெதர்லாந்தில். 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. அதே ஆண்டு செப்டம்பரில் சேலத்துக்குப் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. சுங்கத், ஆத்ரேயா கட்டுரையும் அதே ஆண்டில்தான். மூன்றும் ஒரே ஆண்டில் வந்தும் ஒன்றோடொன்று கை கோக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

குமாரபாளையத்துக்கு வாருங்கள். தறிக்காரருக்கு முதலாளி முன்பணமாகக் கொடுக்கும் 'பாக்கி' எப்படி ஆளைக் கட்டிப்போடுகிறது, அதே பாக்கியை வைத்து ஆள் எப்படி முதலாளியிடம் பேரம் பேசுகிறார் என்பதைக் குமாரபாளையத்திலும் பவானியிலும் தங்கிப் படித்து, 2005இல் புத்தகமாக்கியவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் கீர்ட் டி நெவே. அவர் எங்கிருந்தோ வந்து தமிழ் பழகி எழுதினார். உங்களில் பலருக்கு அந்தத் தறிச்சத்தம் தாலாட்டு. 2025இல் பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் விலைக்கு வாங்கப்பட்டது அம்பலமானபோது தரகரையும் மருத்துவமனையையும் தேடினார்கள். தேட வேண்டியதுதான். கடன் எந்த வாரத்தில் கழுத்தை நெரித்தது, பாக்கி போதாமல் குழுக் கடன், குழுக் கடன் கட்ட வட்டிக்கடன் என்று எந்த வரிசையில் ஒரு வீடு அந்த முடிவுக்கு வந்தது என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அறுபது பேர் மாதிரியில் '72 சதவீதத்தினர் கடன் உள்ளவர்கள்' என்று ஒரு வரி எழுதுவதோடு நீங்கள் நின்றுவிட்டால், போலீஸ் எழுதும் குற்றப்பத்திரிகைதான் அந்த வாழ்க்கைக்கு ஒரே வரலாறாக மிஞ்சும்.

"சார், இந்தப் படிப்பை வைத்து என்ன வேலைக்குப் போவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. சமூகத்தைப் படித்தவர் அரசுக்குள் போக வழி இருந்திருக்கிறது, ஒன்றல்ல, பல.

அ. அய்யப்பன் லண்டனில் மானிடவியல் முனைவர் பட்டம் பெற்று வந்து, சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். சென்னை மாகாணப் பழங்குடிகளின் சமூகப் பொருளாதார நிலை பற்றி அவர் அரசுக்கு எழுதிய அறிக்கை 1948இல் வெளிவந்தது. பிற்பாடு ஒடிசாவில் பேராசிரியர், கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டே களத்தையும் வகுப்பையும் அவர் விடவில்லை.

எஸ். குகன் எதிர்த்திசையில் வந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழக அரசின் நிதிச் செயலாளர். கோப்புகளைக் கரைத்துக் குடித்தபின் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் ஏழைகளுக்கும் சமூகப் பாதுகாப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். முதியோர் உதவித்தொகைக்கு எவ்வளவு செலவாகும், அது அரசால் முடியுமா என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டியபோது கருவூலத்தை நடத்தியவரின் வார்த்தையாக அது நின்றது.

மூன்றாவது வழி எச்சரிக்கையும் கூட. எம்.என். சீனிவாஸ் இந்தியச் சமூகவியலின் பெரிய பெயர்களில் ஒருவர். மண்டல் ஆணையம் தன் கள ஆய்வை வடிவமைக்க நிபுணர்களைக் கூட்டியபோது அவரும் அதில் முன்னணியில் இருந்தார். 1990இல் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தப் போவதாக அரசு அறிவித்தபோது எதிர்த்துப் பேசினார். இட ஒதுக்கீட்டில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. அது வேறு விவாதம். உங்களுக்கு நான் சொல்ல வருவது, அறிக்கையின் முன்பக்கத்தில் நிபுணரின் பெயர் அச்சாகும், உள்ளே அவர் முறை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதுதான். அரசோடு வேலை செய்கிறவர் தம் தரவைத் தம்மிடம் ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும். கருத்து வேறுபாடு இருந்தால் அன்றைக்கே, கோப்பிலேயே, எழுத்தில் பதிய வேண்டும். பத்து வருடம் கழித்துப் பேட்டியில் சொல்வது கோப்பை மாற்றாது.

சாதிக் கணக்கைக் கொள்கையாக்கியதில் தமிழ்நாட்டுக்குத் தனி அனுபவம் உண்டு. சட்டநாதன் ஆணையம் 1970இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 25இலிருந்து 31 சதவீதமானது. 1982இல் அமைந்த அம்பாசங்கர் ஆணையம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. இப்போது 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படப் போகிறது. எண்கள் வரும். அந்த எண் உங்கள் ஊர் டீக்கடையில், கோயில் வாசலில், தறிக்கூடத்தில், பள்ளி வாசலில் என்ன அர்த்தம் பெறுகிறது என்பதை எண்கள் சொல்லாது. நீங்கள் சொல்ல வேண்டும்.

சொன்னால் ஊர் சும்மா இருக்குமா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். சமூகவியல் துறைகள் சேர்ந்து செய்திருக்க வேண்டிய சேகரிப்பின் ஒரு பகுதியை ஒரு தமிழாசிரியர் செய்து முடித்தார். அதே மனிதர் திருச்செங்கோட்டைக் களமாக்கி எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்காக, 2015 ஜனவரியில் இனி எழுதுவதில்லை என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தனியாக எழுதியவருக்கு அந்த கதி. இருபது மாணவர்கள், ஒரே வினாப்பட்டியல், பெயர்களை மறைத்த பதிவு, கையெழுத்துப் போட்டு முன்னே நிற்கும் ஒரு துறை என்று வந்தால் நிலைமை வேறு. ஆசிரியர்களே, இந்த இடத்தில் மாணவரை முன்னே தள்ளிவிட்டு நீங்கள் பின்னே நிற்கக் கூடாது.

எங்கள் தரப்புக் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மகளிர் திட்டம், உதவி மையம் என்று உங்கள் பட்டத்துக்குரிய இடங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். படித்த படிப்பைக் கேட்காமல் கணினியில் தகவல் ஏற்றச் சொல்கிறோம். ஆய்வுக் கூட்டத்தில் இலக்கு எவ்வளவு, முடித்தது எவ்வளவு என்பதைத் தாண்டி ஒரு கேள்வி வராது. ஏன் முடியவில்லை என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தாலும் கேட்க ஆளில்லை. இதற்காகச் சோர்ந்து, டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறீர்கள். தேர்வு எழுதுங்கள், எழுத வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் வருவாய் உதவியாளராக வந்தாலும் சமூகநல அலுவலராக வந்தாலும் படித்த கண்ணோடு வாருங்கள். பட்டத்தை மட்டும் சான்றிதழ் சரிபார்ப்பில் காட்டிவிட்டு, கண்ணை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களோடு நான் நிறையவே வேலை பார்த்திருக்கிறேன்.

இனி என் வேண்டுகோள். புதிதாக எதையும் கேட்கவில்லை. நூறு வருடத்துக்கு முன் நம் மாணவர்களே செய்ததைத்தான் கேட்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தம் மாணவர்களை அவரவர் ஊர்களை ஆராய அனுப்பினார். விடுமுறைக்கு ஊருக்குப் போன இளைஞர்கள் நிலம், கூலி, கடன், சாப்பாடு என்று எழுதி வந்தார்கள். 1918இல் அது புத்தகமானது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். அவற்றில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1980களில் குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். மாணவர் விடுமுறையில் எழுதிய நோட்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கிராமத்தின் மாற்றத்தை அளக்கும் அளவுகோலானது. அந்த ஊர்களின் வரிசையில் சேலம், நாமக்கல் ஊர் ஒன்றின் பெயரும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆசிரியர்களே, இரண்டு மாவட்டத் துறைகளும் கூடி, ஒரே வினாப்பட்டியல் ஒன்றைத் தமிழில் தயாரியுங்கள். அடுப்புக்கு ஒரு கட்டம் வையுங்கள். பாக்கிக்கு ஒரு கட்டம் வையுங்கள். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரையோ தம் வார்டையோ எழுதட்டும். அதையே ஆய்வேடாக ஏற்று மதிப்பெண் கொடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அடுத்த தொகுதி மாணவர் அதே தெருவுக்குப் போகட்டும்.

மாணவர்களே, எழுதியதைக் கல்லூரி நூலகத்தில் பூட்ட விடாதீர்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குடியரசு தினமும் மே தினமும் சுதந்திர தினமும் காந்தி ஜெயந்தியும் உங்களுக்கு விடுமுறை நாள்கள். அன்றைக்கு எழுந்து நின்று, பெயர் சொல்லாமல், உங்கள் ஊரின் கணக்கை ஊருக்கே படித்துக் காட்டுங்கள். தப்பென்றால் ஊரே திருத்தும். அது எந்த வழிகாட்டியும் செய்யாத திருத்தம். தீர்மானமாக ஏற்றால் அது அரசுப் பதிவேட்டில் ஏறும். 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று கடைசி இயலில் எழுதுவதைவிட அந்த ஒரு வரித் தீர்மானத்துக்குப் பலம் அதிகம்.

பிறகு ஒரு நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள். "இதை எங்கே வைப்பது தம்பி?" என்று கேட்பார்கள், "இப்படியெல்லாம் வாங்குவதில்லை பாப்பா" என்றும் சொல்வார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் கேட்டு வாங்குங்கள். முத்திரை விழுந்துவிட்டால் அந்தத் தாளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்கள் தரப்புக்கு வந்துவிடும். இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

அன்புடன்,
ராசிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியன்